மூழ்காத ஏழு முட்டைகள்

முப்பது வயதுகூட ஆகாத என் அம்மாவைப் பள்ளிக்கூடமே ஆயா என்று கூப்பிட்டது. சத்துணவுக் கூடத்தில் அவள் சமையல் உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டையை அவித்து உரிப்பது, தட்டுத் தட்டாகப் பரிமாறுவது எல்லாம் அவள் வேலை. ஒன்றாம் வகுப்புக் குழந்தையிலிருந்து என் வகுப்புப் பையன்கள் வரை "ஆயா, இன்னும் கொஞ்சம் சோறு" என்று தட்டை நீட்டுவார்கள். நான் மட்டும் வரிசையில் நிற்கும்போது அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டுவேன். அவளும் மற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்து, மற்ற பிள்ளைகளுக்கு வைத்த அளவே வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவாள். சொந்த மகளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தால் குடியா முழுகிவிடும் என்று எனக்குக் கோபமாக வரும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வீடு அடையாற்றங்கரையில், பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும் தகரக் கூரைகளில் ஒன்று. அப்பா பெயின்ட் வேலைக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவார் என்பதால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஏழரை மணிக்கெல்லாம் பள்ளிக்குப் போய்விடுவாள். மணி அடிக்கும் வரை சமையல் கூடத்துப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எழுதுவதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம்.

முட்டை வந்த நாளில் வேடிக்கை நன்றாக இருக்கும். அட்டைத் தட்டுகளில் அடுக்கி வரும் முட்டைகளை அம்மா அப்படியே அடுப்பில் ஏற்றமாட்டாள். ஒரு நீல பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, ஐந்தாறு முட்டைகளாக அதில் விடுவாள். அடியில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டால் நல்ல முட்டை. அடியிலேயே செங்குத்தாக நிமிர்ந்து நின்றால் பழசு, இன்றைக்கே அவித்துவிட வேண்டும். மேலே வந்து மிதந்தால் கெட்டது. மிதந்ததையெல்லாம் ஓர் அலுமினியச் சட்டியில் தனியாக எடுத்து அலமாரிக்குக் கீழே தள்ளி வைப்பாள். முட்டை போடும் வண்டி அடுத்த முறை வரும்போது அதைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. வாளி என்று ஒன்று இருந்தால் அதில் முட்டை விடுவார்கள் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன்.

எங்கள் வகுப்பு டீச்சர் அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். மைலாப்பூரில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். அவர் வரும் வரை அறிவியல் என்பது எங்களுக்குக் கேள்வி பதில் மட்டும்தான். அவர் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி, காந்தம் என்று என்னென்னவோ எடுப்பார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மைதானத்து மண்ணில் இழுத்துப் போகச் சொன்னார்; கறுப்பாக மீசை முளைத்ததுபோல் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்கு டீச்சர்மேல் உயிர். என் நோட்டில் அவர் ஒரு தடவை "மிக நன்று" என்று எழுதியதைக் கிழித்து வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் சொருகி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை வணக்கத்தில் தலைமை ஆசிரியை அறிவித்தார். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை அறிவியல் எவ்வளவு தெரிந்திருக்கிறது, எதையும் தாங்களே செய்து பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்று சோதிக்க வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள். பாதிப் பரீட்சை தாளில். மீதி கையால் செய்து காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புதான் உட்கார வேண்டும். பள்ளிக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டியது எங்கள் பொறுப்பு.

செய்து காட்டும் பரீட்சைக்கு முட்டையும் உப்பும் கண்ணாடித் தம்ளர்களும் தயாராக இருக்க வேண்டும் என்று டீச்சருக்குச் சொல்லியிருந்தார்கள். என்ன சோதனை என்று அவர் ஊகித்துவிட்டார். பிள்ளைகள் புதிய ஆட்களைப் பார்த்து மிரண்டுவிடக் கூடாதே என்று முந்தின நாளே கடையிலிருந்து ஒரு முட்டை வாங்கிவந்து செய்து காட்டினார். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கியது. உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார். முட்டை மெல்ல அசைந்து மேலே வந்தது. நாங்கள் கைதட்டினோம். அவர் அதோடு விட்டிருக்கலாம். ஆசையில் இரண்டு வரியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும். மணி அடிக்கும் வரை இருபத்தெட்டு பேரும் அதை ராகம் போட்டுச் சொன்னோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தேவி அதற்குத் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். தேவி என் சிநேகிதி, பக்கத்து வரிசை வீடு.

மறுநாள் காலை நான் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ஒரு பையனை அனுப்பியிருந்தார். ஏழு குழுவுக்கு ஏழு முட்டை வேண்டுமாம். அம்மா அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏழா? ஏழு முட்டைய எடுத்துட்டா மத்தியானம் ஏழு புள்ளைங்க மூஞ்சிய பாத்துக்கினு நிக்கும். துன்றதுக்கா கேக்குறாங்க?"

"இல்ல ஆயா. சும்மா தண்ணில போட்டுப் பாக்கத்தான்."

"பாக்கத்தானே? அப்ப இத்த எட்த்துனு போ. ஒடைக்காம எட்த்துனு போ, நாறும்" என்று அலமாரிக்குக் கீழே இருந்த அலுமினியச் சட்டியைச் சட்டியோடு கொடுத்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மனதுக்குள் அந்த இரண்டு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதிக்க வந்தது ஓர் அக்கா. கட்டம் போட்ட குர்தா, முதுகில் பை, கையில் ஒரு கட்டுத் தாள். பயப்படாதீங்க, இது பாஸ் ஃபெயில் பரீட்சை இல்லை என்று சிரித்தார். அதைச் சொன்னவுடன் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. தாளில் எழுதும் பகுதி சுலபமாகப் போயிற்று. பிறகு எங்களை நான்கு நான்கு பேராகத் தரையில் உட்காரவைத்து, குழுவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு முட்டை, ஒரு பொட்டலம் உப்பு, ஒரு ஸ்பூன் கொடுத்தார். ஆளுக்கொரு தாள். அதில் மூன்று கட்டங்கள். என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? என்ன நடந்தது? ஏன்? டீச்சர் கதவோரமாகத்தான் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

முதல் கட்டத்தில் எல்லாரும் "மூழ்கும்" என்று எழுதி முடித்தோம். அக்கா தலையசைத்தார். தேவி முட்டையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

முட்டை மூழ்கவில்லை. பந்துபோல மேலே வந்து, வழுக்கைத் தலையைக் காட்டிக்கொண்டு ஆடியது.

அடுத்த குழுவைப் பார்த்தேன். அங்கேயும் மிதந்தது. வகுப்பு முழுக்க ஏழு தம்ளரிலும் ஏழு முட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. பிறகு தேவி சுட்டுவிரலால் முட்டையை அழுத்தித் தண்ணீருக்குள் தள்ளினாள். விரலை எடுத்ததும் அது திரும்ப மேலே வந்தது. "மூழ்கு, மூழ்குடா" என்று அவள் பல்லைக் கடித்தாள். பின் வரிசையில் ஒருத்தன் ஸ்பூனால் முட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்று பேரும் அவசர அவசரமாக "மூழ்கியது" என்று எழுதினார்கள். பிறகு ஸ்பூனைப் பிடித்தவனுக்காக இன்னொருத்தன் ஸ்பூனைப் பிடித்தான். டீச்சரே சொன்ன பிறகு முட்டை இப்படிச் செய்தால் அது முட்டையின் தப்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு மட்டும் கை ஓடவில்லை. அலுமினியச் சட்டி நினைவுக்கு வந்துவிட்டது. மிதக்கிற முட்டை என்ன முட்டை என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏதோ ஒரு பள்ளியில் சாப்பாட்டில் ஏதோ விழுந்துவிட்டதென்று அங்கிருந்த ஆயாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம் என்று அம்மா போன மாதம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் கேட்டது. மிதந்தது என்று எழுதினால் ஏன் என்று அடுத்த கட்டம் கேட்கும். கெட்ட முட்டை என்று எழுதினால் எங்கிருந்து வந்தது என்று அந்த அக்கா கேட்பார். நான் பென்சிலை அழுத்திப் பிடித்து "மூழ்கியது" என்று எழுதினேன். ஏன் என்ற கட்டத்தில் "முட்டை கனமாக இருப்பதால்" என்று எழுதினேன். கையெழுத்து அன்றைக்கு மிக அழகாக வந்தது.

அக்கா குழுக் குழுவாக வந்து தாள்களைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். ஒரு தம்ளரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு இல்லை. நிமிர்ந்து, "முட்டை மூழ்கினதைப் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார். இருபத்தெட்டு கையும் உயர்ந்தன. எங்கள் முன்னால் ஏழு முட்டைகளும் ஆடிக்கொண்டிருந்தன. அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். மற்றவர்கள் கை தூக்கிய வேகத்தில் நான் தூக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பார் போல.

"நீ சொல்லும்மா. இந்த முட்டை இப்ப எங்க இருக்கு?"

நான் முட்டையைப் பார்த்தேன். அது என் மூக்குக்கு நேராக மிதந்தது.

"அடியில" என்றேன்.

கதவோரத்தில் டீச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அக்காவும் தலைமை ஆசிரியையும் அறைக்குள் வெகுநேரம் பேசினார்கள். டீச்சரையும் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. பிள்ளைகளுக்கு விடையை முன்கூட்டியே உருப்போட வைத்து, கண்ணால் பார்த்ததைக்கூட எழுத முடியாதபடி ஆக்கிவிட்டார் என்று டீச்சரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கப் போகிறார்களாம். நான்காம் வகுப்பு சார் வராந்தாவில் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் எங்களைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "மிதக்குதுன்னு எழுதக் கூடாதாடா? ஒருத்தராவது?" என்று மட்டும் கேட்டார். காந்தமும் பூதக்கண்ணாடியும் அவர் பையை விட்டு அன்றைக்கு வெளியே வரவில்லை.

டீச்சர் அழுததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளுக்குள் பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை முட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அம்மா வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். தேவி முட்டையை மிரட்டியதைச் சொன்னபோது அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஸ்பூன் கதைக்கு இன்னும் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"நீ இன்னாடி எழுதுன?"

"மூழ்கிச்சுன்னு."

"உனக்கு மெதக்குறது தெரில?"

"தெரிஞ்சுது. கெட்ட முட்டைன்னும் தெரிஞ்சுது. சொன்னா உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கல்ல? அதான் அந்த அக்கா நேரா கேட்டப்பகூட அடியில கீதுன்னு சொல்லிட்டேன்."

என் தலையில் அவள் கை நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். தலையைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டாள்.

"எனக்கோசரம் சொன்னியா?"

"ஆமா."

பிறகு, "டீச்சர் அழுதாங்களா?" என்று கேட்டாள். அழுதார் என்றேன். அவள் மிச்சப் பின்னலை இழுத்துப் பின்னி முடித்தாள். இவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவள் சமையல் கூடத்துப் பக்கம் போகவில்லை. என் கையைப் பிடித்து நேரே தலைமை ஆசிரியை அறைக்கு அழைத்துப் போனாள். டீச்சரும் அங்கே இருந்தார். மேசையில் தலைமை ஆசிரியை பாதி எழுதிய அறிக்கை ஒன்று கிடந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மேடம், அந்த மெதக்குற முட்டைய குடுத்தது நான். வண்டில திருப்பிக் குடுக்க எடுத்து வச்சது. சும்மா பாக்கத்தானேன்னு எடுத்துக் குடுத்துட்டேன். டீச்சர் சொல்லிக் குடுத்ததுல தப்பு இல்ல மேடம்."

தலைமை ஆசிரியை நல்லவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார். "ஏம்மா, இத வந்து சொல்லணுமா? கூடத்துல கெட்ட முட்டை இருந்துச்சுன்னு நான் எழுதினா மேல இருந்து கேள்வி வரும். உன்கிட்டதான் வரும். நீ பேசாம வேலையப் பாரு. டீச்சர் விஷயம் நான் எப்படியாவது பாத்துக்கறேன்."

டீச்சரும், "வேணாம் ஆயா, விட்டுடுங்க" என்றார்.

"இல்ல மேடம். எழுதிடுங்க" என்றாள் அம்மா. பிறகு என் தோளில் கைவைத்து என்னை ஓர் அடி முன்னால் நகர்த்தினாள். "இவளுக்கு மெதந்தது தெரியும். தெரிஞ்சேதான் மூழ்கிச்சுன்னு எழுதிக்கீறா. அதையும் எழுதுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் யாருக்காகப் பொய் சொன்னேனோ அவளே என்னைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டிக் கொடுக்கிறாள். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாளில் அந்த அக்கா திரும்ப வந்தார். நேரே சமையல் கூடத்துக்குப் போய் அம்மாவோடு பேசினார். பிறகு நீல வாளியும் ஒரு தட்டு முட்டையும் எங்கள் வகுப்புக்கு வந்தன. பின்னாலேயே கூசிக்கொண்டு அம்மாவும் வந்தாள். வாளியில் ஒவ்வொன்றாக விட்டாள். எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒன்று படுத்தது, ஒன்று நின்றது, ஒன்று மிதந்தது. "ஏன் ஆயா இது மட்டும் நிக்குது?" என்று தேவி கேட்டாள்.

"ஏன்னு எனக்கு இன்னா தெரியும்? புதுசு படுத்துக்கும், பழசு நிக்கும், கெட்டுது மெதக்கும். தெனம் பாக்குறேன், அவ்ளோதான்."

"அந்த ஏனை இவங்க கண்டுபிடிக்கட்டும்" என்று அக்கா சொல்லி, புதுத் தாள்களைக் கொடுத்தார். அன்றைக்கு வகுப்பில் யாரும் முட்டையை அமுக்கவில்லை. முட்டைக்குள் காற்று போயிருக்கும் என்று பின் வரிசைக்காரன் எழுதினான். அக்கா அதை டீச்சரிடம் காட்ட, டீச்சர் மூன்று நாளைக்குப் பிறகு சிரித்தார். விளக்கம் கேட்கும் கடிதம் வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது. எச்சரிக்கையாக ஒரு தாள், கூடவே மாற்றல். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு. ஆறரைக்கே பஸ் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். எங்கள் பள்ளிக்கு வயதான வேறோர் ஆயா வந்தார். அவர் என் தட்டைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு நாள் இரண்டு முட்டை வைத்தார். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மாற்றல் தாள் வந்த அன்று நான் அம்மாவிடம் கத்தினேன். "நீ பேசாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நான்தான் உன்ன காப்பாத்தினேன், நீதான் கெடுத்துக்கின."

"ஆமாண்டி" என்றாள் அம்மா.

நான்கைந்து நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். இருட்டு பிரிவதற்குள் எழுந்து, தூக்கத்தில் இருக்கும் எனக்குத் தலையைப் பின்னிவிட்டு, தேவி வீட்டில் ஒரு குரல் கொடுத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். விழித்துக்கொண்டிருந்தாலும் கண்ணைத் திறக்கமாட்டேன். டீச்சரைவிட நான் அவளுக்குக் குறைந்துபோய்விட்டேன் என்று நினைத்து அழுகையாக வரும். டீச்சருக்காகத்தான் அம்மா அன்றைக்கு அந்த அறைக்குப் போனாள் என்று அந்த வருஷம் முழுவதும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.